அஞ்சும் பிள்ளையும் பெற்றோர் பொறுப்பும்



சில மாதங்களுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகை முடித்து வெளிப்பள்ளியில் அமர்ந்திருந்தோம். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் தம் மகனைக் கையில் பிடித்து அழைத்து வந்தார். எட்டு வயதுப் பையன். நம்மிடம் மக்தபில் ஓதுகிற பிள்ளைதான். இன்னொரு கையில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தார்.

"ஹஜ்ரத், புள்ளைக்கு யாரு கண்ணோ பட்டிருக்கு. பள்ளிக்கூடம் கிளம்புற நேரம் பாத்து வயித்து வலின்னு சுருண்டு படுத்துக்குறான். டாக்டர்கிட்டக் காட்டியாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லேன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை பாத்தா நல்லா ஓடி விளையாடுறான். நீங்க கொஞ்சம் ஓதி ஊதிக் குடுங்க" என்றார்.

ஓதினோம், ஊதிக் கொடுத்தோம். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேரர்களான ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும் பாதுகாவல் தேடி ஓதி வந்தார்கள். தம் முன்னோரான இப்ராஹீம் (அலை) அவர்களும் இஸ்மாயீல், இஸ்ஹாக் (அலை) இருவருக்காகவும் அதே சொற்களைக் கொண்டே பாதுகாவல் தேடினார்கள் என்றும் அறிவித்தார்கள். புகாரி ஷரீபில் வருகின்ற செய்தி இது. ஆகவே பிள்ளைக்காக ஓதுவதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோது இத்தோடு அனுப்பிவிட நமக்கு மனம் வரவில்லை. ஊதிய தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தான். கண் மட்டும் தகப்பனார் சட்டையை விட்டு நகரவில்லை.

அந்நேரம் தகப்பனாருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. பள்ளிவாசல் படியிறங்கித் தெருவுக்குப் போனார். பிள்ளை எழுந்து நின்று, அவர் தெரிகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, நம் காதருகில் வந்து கேட்டான்: "ஹஜ்ரத், எங்கத்தா என்னைக்கு சவூதிக்குப் போவாங்க? உங்ககிட்ட சொன்னாங்களா?"

மெல்ல மெல்லக் கேட்டதில் செய்தி வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தகப்பனார் விடுமுறைக்கு வந்திருந்தார். திரும்பிப் போகிற நாளன்று, பிள்ளை அழுவானே என்று எண்ணி, ஒன்றும் சொல்லாமல் அவரே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். மிட்டாயும் வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் பிள்ளை வீடு திரும்பியபோது அத்தா இல்லை. அவர் விமானம் ஏறிவிட்டிருந்தார். இப்போது மறுபடி விடுமுறைக்கு வந்திருக்கின்றார். பிள்ளை நாள்தோறும் விழித்தெழுந்தவுடன் செய்கின்ற முதல் வேலை, பரண்மேல் அத்தாவின் பெட்டி இருக்கின்றதா என்று பார்ப்பது. பெட்டி இருந்தாலும் நெஞ்சு அடங்குவதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் பெட்டியும் அத்தாவும் காணாமல் போய்விடலாம் அல்லவா? அதனால் வயிறு வலிக்கின்றது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. அத்தா கண்ணெதிரிலேயே இருக்கின்றார். ஆகவே வலியும் இல்லை.

இதில் கண்ணேறு எங்கே இருக்கின்றது?

அன்பர்களே! இந்தத் தகப்பனாரை நாம் குறை சொல்லவில்லை. அவர் செய்தது முழுக்க முழுக்கப் பாசத்தினால் செய்தது. நம் சமுதாயத்தில் இது புதிதுமன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சபுர் போன நம் பாட்டன்மாரும், பிள்ளைகள் உறங்கும்போதே வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள்தாம். இன்று வளைகுடா நாடுகளில் பிழைக்கின்றவர்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் புறப்படுகின்றார்கள். உறங்குகின்ற பிள்ளையின் நெற்றியில் முத்தமிட்டு, அது விழித்துக்கொள்ளுமோ என்று மூச்சையடக்கி நடந்து, வாசலில் நிற்கின்ற வண்டியில் ஏறி, தெரு முனை திரும்பியதும் அழுகின்றவர்களை நாம் அறிவோம். அவர்களுடைய கண்ணீர் உண்மையானது. ஆயினும் காலையில் விழித்த பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கின்ற பாடம் என்ன? தான் கண்ணை மூடினால், தான் சற்று அப்பால் போனால், தனக்கு உயிரானவர்கள் மறைந்துவிடுவார்கள் என்பதே. பிறகு அந்தப் பிள்ளை எப்படிக் கண்ணை மூடும்? எப்படி அப்பால் போகும்?

அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) என்னும் நபித்தோழர் தம் சிறுவயதில் நடந்ததை அறிவிக்கின்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் அமர்ந்திருந்த நேரம். தாயார் பிள்ளையை, வா, ஒன்று தருகின்றேன் என்று அழைத்தார்கள். என்ன கொடுக்க நாடினாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம் பழம் என்று தாயார் கூறினார்கள். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அபூதாவூதில் பதிவான ஹதீஸ் இது. ஒரு பேரீச்சம் பழத்தின் அளவுக்குக்கூடப் பிள்ளையிடம் பொய் கூடாதென்றால், ஒரு தகப்பனின் பயணத்தை என்ன சொல்வது? ஊசி போட மாட்டார்கள் என்று சொல்லி மருத்துவரிடம் அழைத்துப் போவதும், இதோ வந்துவிடுகின்றேன் என்று சொல்லிவிட்டு இரவுவரை வராதிருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அன்றைக்குப் பிள்ளை அழாமல் தப்பிக்கலாம். அடுத்த நாளிலிருந்து நம் வாயிலிருந்து வருகின்ற எந்த ஆறுதலும் அதன் காதில் ஏறாது. பயந்த பிள்ளைக்குக் கொடுப்பதற்கு நம்மிடம் உள்ள ஒரே மருந்து நம் வார்த்தைதான். அதை நாமே செல்லாக்காசு ஆக்கிக்கொள்கின்றோம்.

இனி இன்னொரு தவறைச் சொல்லவேண்டும். பிள்ளை பயப்படுகின்றது என்றதும், "அல்லா மேல நம்பிக்கை இருந்தா பயப்படலாமா? முஸ்லிம் புள்ள பயப்படுமா?" என்று அதட்டுகின்ற பெரியவர்கள் இருக்கின்றார்கள். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கின்றார். ஆனால் பயத்தோடு இப்போது குற்றவுணர்ச்சியும் சேர்ந்துகொள்கின்றது. தன் ஈமானே பழுதோ என்று எட்டு வயதுப் பிள்ளை எண்ணத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும்? அச்சம் வருவது ஈமானுக்குக் குறைவு என்றால் மூஸா (அலை) அவர்கள் அஞ்சியதை அல்லாஹு தஆலா தன் திருமறையில் ஏன் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கின்றான்? எல்லாவற்றுக்கும் மேலாக, ஹிரா குகையிலிருந்து திரும்பிய அந்த நாளை நாம் எப்படி விளங்கிக்கொள்வது?

அந்த நாளைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த வரலாறுதான். மவ்லிது மேடைகளில் ஆண்டுதோறும் கேட்கின்றோம். ஆனால் பயந்தவரை எப்படி நடத்துவது என்ற கண்ணோடு அதைப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு.

610-ஆம் ஆண்டு. முதல் வஹீ இறங்கியிருக்கின்றது. பெருமானார் (ஸல்) அவர்கள் உள்ளம் நடுங்க வீட்டுக்கு வருகின்றார்கள். போர்த்துமாறு கேட்கின்றார்கள். அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? என்ன நடந்தது, எங்கே போனீர்கள், ஏன் இப்படி நடுங்குகின்றீர்கள் என்று வாசலில் நிறுத்தி விசாரிக்கவில்லை. போர்த்தினார்கள். நடுக்கம் தணிகின்றவரை போர்த்தியே வைத்திருந்தார்கள் என்று ஹதீஸில் வருகின்றது. நடுக்கம் தணிந்த பின்னரே பேச்சு தொடங்கியது. நடந்ததை நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். தமக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுவதாகவும் சொன்னார்கள். அன்னையவர்கள் முழுவதையும் கேட்டார்கள்.

அதன் பிறகு அவர்கள் கூறிய ஆறுதலைப் பாருங்கள். ஒன்றுமில்லை, எல்லாம் பிரமை என்று சொல்லவில்லை. அல்லாஹ் உங்களை இழிவுபடுத்த மாட்டான் என்று உறுதி கூறி, அதற்குக் காரணத்தையும் அடுக்கினார்கள்: உறவினரைச் சேர்த்து வாழ்கின்றீர்கள், பிறர் சுமையைச் சுமக்கின்றீர்கள், இல்லாதவருக்கு ஈட்டிக் கொடுக்கின்றீர்கள், விருந்தினரை உபசரிக்கின்றீர்கள் என்று. அச்சம் மனிதனை வந்து பிடிக்கும்போது அவன் தன்னைத் தானே மறந்துபோகின்றான். அவன் யார் என்பதை அவனுக்கு நினைவூட்ட, அவனை நெடுநாள் பார்த்த ஒருவர் வேண்டும். பதினைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவிக்கு அந்தத் தகுதி இருந்தது. நம் பிள்ளைக்கு அந்தத் தகுதியுள்ளவர் யார்? தாயும் தகப்பனும்தான். "நீ பயந்தாங்கொள்ளி" என்று சொல்கின்ற அதே வாயால், "போன நோம்புல நன்னிக்கு உடம்பு சரியில்லாதப்ப ராத்திரியில தனியா எந்திரிச்சுப் போயி தண்ணி கொண்டாந்து குடுத்தது யாரு? நீதானே!" என்று சொல்லலாம். நடந்த ஒன்றை, அந்தப் பிள்ளை மறந்துபோன ஒன்றை எடுத்துச் சொல்லவேண்டும். வெறும் புகழ்ச்சியைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுகின்றார்கள்.

அத்தோடும் அன்னையவர்கள் நிற்கவில்லை. தம் ஆறுதலே போதும் என்றும் எண்ணவில்லை. முன் வேதங்களைக் கற்றறிந்த முதியவரும், தம் தந்தையின் உடன்பிறந்தார் மகனுமான வரகா பின் நவ்ஃபலிடம் நாயகம் (ஸல்) அவர்களை அழைத்துச் சென்றார்கள். அங்கே சென்றும், நடந்ததைத் தாமே சொல்லத் தொடங்காமல், அவர்கள் வாயாலேயே கேட்குமாறு வரகாவிடம் கூறினார்கள். இந்த நுட்பத்தை நாம் எத்தனை பேர் கவனித்திருக்கின்றோம்! நாம் மருத்துவரிடம் போனால் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நாமே எல்லாவற்றையும் ஒப்பிக்கின்றோம். பிள்ளை வாயைத் திறந்தால், "நீ சும்மா இரு, அத்தா சொல்லிக்கிட்டிருக்கேன்ல" என்கின்றோம். வரகாவும் இனிப்பான பொய் எதையும் சொல்லவில்லை. வந்தது இறைவனிடமிருந்து வந்த தூதே என்றும், ஊரார் வெளியேற்றும் நாள் ஒன்று வரும் என்றும், உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்தச் செய்தி கடினமானதுதான். ஆனால் இருட்டில் இருந்த ஒன்று வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

மதீனாவில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே சொல்லத் தோன்றுகின்றது. ஓரிரவு பெரும் ஓசை கேட்டு மக்கள் பீதியடைந்தார்கள். ஓசை வந்த திசை நோக்கிச் சிலர் புறப்பட்டார்கள். எதிரே நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்பாக, அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில், சேணம்கூட இல்லாமல் ஏறிச் சென்று, பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அஞ்ச வேண்டாம் என்று மக்களுக்குச் சொன்னார்கள். இருந்த இடத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவில்லை. போய்ப் பார்த்த பிறகு சொன்னார்கள். கொல்லைப்புறத்தில் ஏதோ இருக்கின்றது என்று பிள்ளை சொன்னால், கட்டிலில் படுத்துக்கொண்டே "ஒண்ணுமில்லை, தூங்கு" என்கின்றோம். எழுந்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, விளக்கைப் போட்டு, முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டு படபடக்கின்ற பாலிதீன் பையை அதன் கையாலேயே எடுக்க வைப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இந்த இடத்தில் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பிள்ளைகளைப் பயமுறுத்துவதில் பெற்றோரைவிட நாம்தான் அதிகம் முந்திக்கொள்கின்றோம். பல ஆண்டுகளுக்கு முன் மக்தபில் சிறு பிள்ளைகளுக்குக் கப்ருடைய வேதனையைப் பற்றி நாம் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டதில் நமக்கு உற்சாகமும் கூடிவிட்டது. நான்கு நாள் கழித்து ஒரு பெண் பிள்ளையின் நன்னி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "ஏங்க ஹஜ்ரத்து, எம்பேத்தி மூணு ராவா கண்ணு மூடல. போர்வைக்குள்ள பாம்பு பாம்புன்னு கத்துது. ஆறு வயசுப் புள்ளைக்கு அப்படி என்ன பாவங்க இருக்கு?" என்று கேட்டார். நமக்குப் பதில் இல்லை. பருவம் எய்தாத பிள்ளையின்மேல் பேனா உயர்த்தப்பட்டிருக்கின்றது, அதன் பெயரில் குற்றம் எழுதப்படுவதில்லை என்பதைக் கிதாபில் ஓதிவிட்டு வந்தவர்கள்தாமே நாம்! அன்றிலிருந்து அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அல்லாஹ்வின் அன்பையும், சுவனத்தையும், நாயகம் (ஸல்) அவர்கள் அபூ உமைர் என்னும் சிறுவனிடம் அவனுடைய சிட்டுக்குருவி என்னவாயிற்று என்று பரிவோடு விசாரித்ததையும்தான் முதலில் சொல்லி வருகின்றோம். ஆகிரத்தைப் பற்றிய அச்சம் வேண்டியதுதான். அது தாங்குகின்ற வயதில் வரவேண்டும்.

வழிப்பயணத்தில் உறங்கிக்கொண்டிருந்த ஒரு தோழரின் கயிற்றை இன்னொருவர் விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். வளர்ந்த ஆளை விளையாட்டுக்குப் பயமுறுத்துவதே கூடாதென்றால், சோறு உண்ணவைக்கப் பூச்சாண்டியையும், படிக்கவைக்கப் போலீஸ்காரரையும், உறங்கவைக்க ஜின்னையும் கூப்பிடுகின்ற நம் வழக்கத்தை என்ன சொல்ல? இன்னும் ஒன்று. பயந்த பிள்ளைக்கு ஓதி ஊதுங்கள். கை வைத்துத் தடவிக் கொடுங்கள். ஆனால் அதன் காதுபட, "இவனை ஏதோ பிடிச்சிருக்கு" என்று பேசாதீர்கள். ஓதுவது பிள்ளைக்குப் பாதுகாப்பு உணர்வைத் தரவேண்டும். தன்னுள்ளே ஏதோ புகுந்துகொண்டது என்ற புதிய பயத்தைத் தரக்கூடாது.

சரி, போர்த்தியாயிற்று, கேட்டாயிற்று. பயந்த இடத்துக்கு அனுப்பாமலே வைத்துக்கொள்வதா? பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்றால் வயிற்று வலி அந்த நிமிடமே நிற்கின்றது. அதைப் பார்த்துத் தாய் மனம் இளகிவிடுகின்றது. இங்கேதான் பாசம் நம்மை ஏமாற்றுகின்றது. ஒதுங்க ஒதுங்க அச்சம் வளர்கின்றது. இன்று பள்ளிக்கூடம், நாளை கடைத்தெரு, மறுநாள் வாசற்படி என்று பிள்ளையின் உலகம் சுருங்கிவிடுகின்றது. அதற்காகப் பிடித்துத் தள்ளுவதும் மருந்தாகாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கின்றது. அதை மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் காணலாம்.

துவா பள்ளத்தாக்கில் கைத்தடி பாம்பாக நெளிந்ததும் மூஸா (அலை) அவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். அல்லாஹு தஆலா அவர்களை அழைத்து, அச்சம் தீர்த்து, அதே பாம்பைத் தம் கையாலேயே பிடிக்கச் செய்தான். எங்கே பிடிக்கச் செய்தான்? ஃபிர்அவ்னின் அவையில் அன்று. மனித நடமாட்டமற்ற பள்ளத்தாக்கில், தன் முன்னிலையில், முதலில் பழக்கினான். ஃபிர்அவ்னிடம் போகும்படி ஆணை வந்ததும் மூஸா (அலை) அவர்கள் தம் உள்ளம் நெருக்கடிக்குள்ளாவதையும் நாவின் திக்கலையும் எடுத்துச் சொல்லி, சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். கேட்டது கொடுக்கப்பட்டது. இருவரும் அஞ்சியபோது, தான் அவர்களுடன் இருந்து கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருப்பதாக அல்லாஹ் உறுதியளித்தான். இவ்வளவுக்குப் பிறகும், சூனியக்காரர்கள் கயிறுகளை எறிந்த அந்தத் திடலில் மூஸா (அலை) அவர்களின் உள்ளத்தில் மீண்டும் அச்சம் தோன்றியது என்று திருமறை சொல்கின்றது. பழைய ஆறுதலை மறந்துவிட்டாயா என்று அல்லாஹ் கடியவில்லை. மீண்டும் ஆறுதல் கூறினான். தீர்ந்ததென்று நினைத்த பயம் ஒருநாள் திரும்ப வந்தால் நாம் பிள்ளைமீது சீறுகின்றோமே, அப்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய மனநல மருத்துவர்கள் சொல்கின்ற முறையும் இதுவே: பயத்தைச் சிறு சிறு படிகளாக்கி, துணையோடு ஏறவைத்து, பிறகு துணையை மெல்ல விலக்கிக்கொள்வது. நம் முன்னோர்களுக்கும் இது தெரியாததன்று. ஹிஜ்ரி 322-ல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை எழுதினார். உடல்களின் நலம் ஒரு பகுதி, உள்ளங்களின் நலம் ஒரு பகுதி. கோபம், அச்சம், துயரம், விடாமல் அரிக்கின்ற எண்ணம் என்று உள்ளத்தின் நோவுகளை வகைப்படுத்தினார். அஞ்சுகின்ற ஒன்றைக் கண்ணும் காதும் அடுத்தடுத்துப் பழகவிட்டால் அச்சம் தணியும் என்பதையும் எழுதிவைத்தார். உடலுக்குப் பிணி வருவதுபோல் உள்ளத்துக்கும் வரும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிதாபு எழுதிய சமுதாயம், இன்று பிள்ளையை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கவலைப்படுகின்றது!

வயிற்று வலி பாசாங்கா என்று பலர் கேட்கின்றார்கள். பாசாங்கு அன்று. அச்சம் வந்தால் நெஞ்சு வேகமாக அடிக்கின்றது, மூச்சு மேலோட்டமாகின்றது, குடல் முறுக்கிக்கொள்கின்றது. ஸ்கேனில் தெரியாது, ஆனால் வலி வலிதான். அந்நேரம் பிள்ளையை மடியருகில் உட்காரவைத்து, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள். விடும்போதெல்லாம் நிதானமாக ஒரு ஸுப்ஹானல்லாஹ். நீங்களும் உடன் சொல்லுங்கள். பத்து முப்பது தடவையில் முகம் தெளியக் காணலாம். ஆனால் சில வாரங்களாகியும் பள்ளிக்கூடம் போக முடியவில்லை, உறக்கமும் உணவும் குறைகின்றது, செத்துப்போகிறேன் என்பது போன்ற பேச்சு வருகின்றது என்றால் ஒருநாளும் தாமதிக்கக்கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கின்றது. 2022-ஆம் ஆண்டு அரசு தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணில் கட்டணமில்லாமல், தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். எந்த நோயையும் மருந்தில்லாமல் அல்லாஹ் இறக்கவில்லை என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. உள்ளத்தின் நோய்க்கு மட்டும் அதில் விலக்கு உண்டா?

மீண்டும் அந்தப் பிள்ளையிடம் வருவோம். தகப்பனார் படியேறி வந்ததும் பையனை ஹவுளில் முகம் கழுவி வரும்படி அனுப்பிவிட்டு, அவன் சொன்னதை அவரிடம் சொன்னோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சொன்னா அழுவானே ஹஜ்ரத்" என்றார்.

"அழட்டும். நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகனார் இப்ராஹீமைப் பிரிந்தபோது கண்ணீர் விட்டார்கள். அதை ரஹ்மத் என்றே கூறினார்கள். நீங்க பக்கத்துல இருக்கும்போது அழறதும், நீங்க இல்லாத வீட்டுல நின்னு அழறதும் ஒண்ணாகுமா?" என்றோம்.

அன்றிரவே அவர் மகனிடம் நாளைச் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த தொழுகை நேர நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டமிடச் சொல்லிப் பையன் கையிலேயே பேனாவைக் கொடுத்தாராம். இருபத்திரண்டு நாள் இருந்தது. அவன் அழுதான், அழுதுகொண்டே உறங்கிவிட்டான். மறுநாளிலிருந்து தகப்பனார் பள்ளிக்கூட வாசலில் மணியடிக்கும்வரை நின்றார். மாலை மணியடிக்கும்போதும் அதே இடத்தில் நின்றார். ஐந்தாறு நாள் கழித்துத் தெரு முனையோடு நின்றுகொண்டார். அப்புறம் அம்மா கொண்டுபோய் விட்டார்கள்.

எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. நடுவில் ஒருநாள் மோட்டார் சைக்கிள் பஞ்சராகி, அவர் போய்ச் சேரக் கால்மணி நேரம் தாமதமாகிவிட்டது. பையன் காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் காலையில் பழையபடி வயிற்று வலி. "இவ்வளவு செஞ்சும் இப்படிப் பண்றானே" என்று தகப்பனார் நம்மிடம் சலித்துக்கொண்டார். மூஸா (அலை) அவர்களின் இரண்டாவது அச்சத்தை அவருக்கு அப்போதுதான் சொன்னோம். தாமதமானதற்கு மகனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்றும் கேட்டோம். அது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. போய்க் கேட்டார்.

புறப்படுகின்ற நாள் ஒரு சனிக்கிழமை. பரண்மேல் இருந்த பெட்டியைத் தகப்பனாரும் மகனும் சேர்ந்து இறக்கினார்களாம். துணி அடுக்கும்போது பையன் தன் ஓவியம் ஒன்றையும் மடித்து உள்ளே வைத்தான். பயண துஆவை மக்தபில் நாம் முன்கூட்டியே அவனுக்கு ஓதிக் கொடுத்திருந்தோம். வண்டி கிளம்பும்போது அதை ஓதத் தொடங்கினான். பாதியில் அழுகை வந்துவிட்டது. மீதியை அவனுடைய அத்தா ஓதி முடித்தார்.

திங்கட்கிழமை அவனுடைய தாயார் சொல்லியனுப்பினார்கள். காலையில் எழுந்தவுடன் பரணைப் பார்த்தானாம். பெட்டி இல்லை. வயிறு வலிக்கின்றது என்றானாம். தாயார் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கின்றார்கள். இருவரும் திண்ணையில் கொஞ்ச நேரம் இருந்தார்கள். பிறகு, "அத்தா அங்க போயி சேந்துட்டாங்களா?" என்று கேட்டான். சேர்ந்தாயிற்று, இரவு பேசுவார்கள் என்றதும், பையை எடுத்து மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினானாம்.